கை வைக்கக் கூடாது

என் கணவருக்கு ஆபீசில் வைத்த பெயர் கமா. பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய சீனியரே மறந்திருப்பார். ஓர் ஒப்பந்தத்தில் கமா இடம் மாறிவிட்டது என்று, முத்திரை குத்தி முடித்த தாள்களை எல்லாம் திரும்ப அச்சடிக்க வைத்தவர் இவர். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் வந்தால் வீட்டில் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும்.

இப்போது அவருடைய கறுப்புக் கோட்டு அலமாரியில் தொங்குகிறது. பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று நான்தான் அவ்வப்போது வெயிலில் போட்டு எடுக்கிறேன். அவர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால் நான்தான் பதில் சொல்வேன். அவரிடம் விட்டால் வரையறையில் ஆரம்பித்து, கேட்டவருடைய டீ ஆறிப்போகும்வரை விடமாட்டார். விஷயம் இவ்வளவுதான். ஓர் ஆலை இவ்வளவு புகைதான் விடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால், அந்தப் புகையைக் குடிக்கிற காட்டை வேறெங்கோ யாரோ வெட்டாமல் வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கிற சீட்டுதான் கார்பன் கிரெடிட். ஆலைக்காரன் அந்தச் சீட்டை வாங்கிக்கொள்வான். வாங்கிவிட்டால் அவன் விட்ட புகை விடாத புகை.

"அவன் புகை விடுறான், இவங்க காட்டைக் காக்குறாங்க, நடுவுல நீங்க பேப்பர் எழுதுறீங்க. அவ்வளவுதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிட்டத்தட்ட" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததே அபூர்வம்.

சீனியர் வாங்குகிறவர்களின் வக்கீல். விற்கிற மலைமக்கள் கையெழுத்துப் போட வேண்டிய பிரதியை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது இவர் பொறுப்பு. எழுதியதைச் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்பேன். "உனக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்" என்பார். இது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்படி ஒருமுறை வந்த காடு எனக்குத் தெரிந்த காடு. என் தம்பி அந்த மலையடிவாரத்தில் பெண் கட்டி, அங்கேயே தங்கிவிட்டவன். காட்டை ஒட்டிய கடைசி வீடு அவனுடையது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கிளை உள்ளே வரும். மலைமக்கள் சங்கம் அவனையே காட்டுக்குக் காவலராக வைத்தது.

ஒப்பந்தத்தின் முக்கியமான ஷரத்தைச் சீனியர் தானே எழுதி வைத்திருந்தார். "உயிருள்ள மற்றும் உயிரற்ற தாவரப் பொருள்களின் இயற்கை நிலைக்கு இடையூறு விளைவிக்கலாகாது." இவர் அதைப் படித்துவிட்டுப் பல்வலிக்காரர் மாதிரி முகத்தைச் சுளித்தார். அடித்தார், எழுதினார், மறுபடி அடித்தார். கடைசியில் நின்றது ஒரே வரி. "காட்டில் இருக்கும் எதன் மேலும் கை வைக்கக் கூடாது."

சங்கக் கூட்டத்தில் அதை வாசித்தபோது, அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். "மொத்தப் பேப்பர்ல அந்த ஒரு வரிதான் மாமா மனுஷன் பேசுற மாதிரி இருந்துச்சு" என்று தம்பி போனில் சொன்னான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. சீனியருக்கும் வரி பிடித்துப்போய், அடுத்தடுத்து வந்த மலைகளின் ஒப்பந்தங்களிலும் அதையே போடச் சொல்லிவிட்டார்.

அதே கூட்டத்தில் இவர் இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தார். "எழுத்துல இல்லாதது எதுவும் செல்லாது. யார் வாயால சொன்னாலும் நம்பாதீங்க. நானே சொன்னாலும் நம்பாதீங்க." எல்லோரும் கை தட்டினார்களாம்.

மலைமக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் கோடை வெயில் ஏறுவதற்கு முன்னால் காட்டோரத்துச் சருகை எல்லாம் கூட்டி அள்ளுவார்கள். வீடுகளுக்கும் மரங்களுக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு வெறும் மண் தெரியச் செதுக்கி விடுவார்கள். தீக்கோடு என்று அதற்குப் பெயர். காட்டில் தீப்பிடித்தாலும் அந்த மண்ணைத் தாண்டாது. ஒப்பந்தம் போட்ட முதல் வருஷமும் வழக்கம்போலச் செய்தார்கள்.

அந்த வருஷம்தான் காட்டை அளக்க ஒருவர் வந்தார். மரம் மரமாகக் கட்டிப்பிடித்து டேப் சுற்றியதால் தம்பி அவருக்கு டேப்புக்காரர் என்று பெயர் வைத்தான். நல்ல மனிதர்தானாம், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொன்னாராம். ஆனால் போய் எழுதிய அறிக்கையில், விழுந்த சருகும் காய்ந்த கிளையும் கார்பன்தான், அவற்றை அள்ளியது ஒப்பந்த மீறல், இன்னொரு முறை நடந்தால் ஒப்பந்தமே ரத்து என்று எழுதிவிட்டார். சங்கத்துக்கு நோட்டீஸ் போனது. அதை அனுப்பியது சீனியர். இவர் பார்வைக்கு வரவே இல்லை.

அடுத்த கோடையில் நாங்கள் தம்பி வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டு இவர் காலாற நடக்கலாம் என்று பின்பக்கமாகக் காட்டுக்குள் போனார். நானும் போனேன். தீக்கோடு இருந்த இடமே தெரியவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை சருகு. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்கின சத்தம். காற்று இல்லை, ஒரு பறவைச் சத்தம் இல்லை. சருகுக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கினார். தூளாகப் போயிற்று.

"மாப்ள, ஏன் கூட்டல?" என்று கேட்டார்.

தம்பி சிரித்தான். "நீங்கதானே மாமா எழுதினீங்க, கை வைக்கக் கூடாதுன்னு. நாங்க ஒரு இலை எடுக்கல."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோட்டீஸை எடுத்துக் காட்டினான். இவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "இப்பவே கூட்டிடு மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். "நான் கூட்டுவேன் மாமா. சங்கம் விடாது. எழுத்துல இல்லாம யார் சொன்னாலும் கேக்காதீங்கன்னு நீங்கதான் சொல்லிட்டுப் போனீங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க, நாளைக்கே மொத்தக் காட்டோரத்தையும் செதுக்கிடுறோம்."

இவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். வாங்குகிறவனின் வக்கீல், விற்கிறவர்களிடம் ஒப்பந்தத்தை மீறச் சொல்லி எழுதிக் கொடுத்தால் தொழிலே போய்விடும். "சீனியர்கிட்ட பேசி முறையா ஒரு திருத்தம் போட்டுடறேன்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஒரு வரி எழுத உங்களுக்கு என்ன கேடு?" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீனியர் கையை விரித்தார். திருத்தம் என்றால் வாங்கினவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும், அவர்களுடைய இயக்குநர்கள் கூட வேண்டும், டேப்புக்காரர் மறுபடி அளக்க வேண்டும். "கோடை முடியட்டும், பாக்கலாம்" என்றாராம். அந்த ஆளுக்குக் கோடை என்றால் ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைக்கிற காலம். இவர் திருத்தத்தை எழுதி எழுதிக் கொடுத்தார். மேஜையில் அது அப்படியே கிடந்தது. வீட்டில் எதையும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது ஜன்னலுக்கு வெளியே வெயிலையே பார்த்துக்கொண்டிருப்பார். போன் அடித்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். தம்பி சும்மா விசாரிக்கக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

ஒரு மத்தியானம் கூப்பிட்டது தம்பி மனைவி. "வீடு போச்சு அண்ணி" என்றாள்.

உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வீடு சுவர் மட்டும் நின்றது. மனைவியையும் குழந்தையையும் ரோட்டில் விட்டுவிட்டுத் தம்பி திரும்ப ஓடியிருக்கிறான், பச்சைக் கிளையை ஒடித்துத் தீயை அடித்து அணைக்கலாம் என்று. கிளை பொசுங்கிய பிறகு கோணிச்சாக்கு. சாக்கு பற்றிய பிறகு வெறும் கை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் இரண்டு கைகளும் முழங்கைவரை துணி உருண்டையாக இருந்தன. விரல் எத்தனை மிஞ்சும் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தீ ஆறுவதற்குள் சீனியர் ஒரு தாளைத் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். ஒப்பந்தப்படி, தீ தானாக வந்தது என்றால் நஷ்டத்தை இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டும். காவலரின் கவனக்குறைவு என்றால் முழுவதும் மலைமக்கள் தலையில், காவலர் மேல் வழக்கும் வரும். "உன் மச்சான்தானே, நீ கேட்டா கையெழுத்துப் போட்டுடுவான்" என்று இவரிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். ஈவிரக்கமே இல்லையா இவர்களுக்கு என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

இவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் தாளை உரக்க வாசித்தார். "காட்டோரத்தில் சேர்ந்த உலர்ந்த சருகுகளை அகற்றாமல் விட்டது காவலரின் கவனக்குறைவே." குரல் வழக்கம்போல நிதானமாகவே இருந்தது.

தம்பி கண்ணை மூடிக் கேட்டான். "மாமா, நீங்க எழுதின வரி இதுல எங்கயுமே வரலையே" என்றான். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தேடினான்.

இவர் தாளைத் திருப்பினார். வெற்றுப் பக்கத்தில், மடியில் வைத்தே எழுத ஆரம்பித்தார். அந்த வரியை எழுதியது நான். அதன்படி நடந்ததால்தான் சருகு சேர்ந்தது. ஆபத்து என்று தெரிந்து திருத்தம் கேட்டேன், கிடைக்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று காவலர் என்னிடம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதினார். ஒரு வார்த்தை அடிக்கவில்லை. கீழே தன் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை நான் எழுத்தில் பார்த்தேன்.

"மாப்ள, நான் எழுதிக் குடுக்கலைங்கிறதுக்கு நீதான் சாட்சி" என்று வழக்கம்போலப் பேனாவை நீட்டிவிட்டார்.

தம்பி பேனாவைப் பார்த்தான். தன் இரண்டு துணி உருண்டைகளையும் பார்த்தான். "கை வைக்க முடியாதே மாமா" என்றான்.

இவர் உடைந்து அழுதார். கல்யாணமாகி அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். நான் அவரைத் தேற்றவில்லை. எனக்கும் அழ வேண்டியிருந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அந்த வரி இன்னும் எத்தனையோ மலைகளில் இருந்தது, கோடையும் முடியவில்லை. ஒவ்வொரு காவலராகப் போனில் கூப்பிட்டார். "சருகை அள்ளுங்க, தீக்கோடு போடுங்க. ஆமா, எழுதித் தரேன். என் கையெழுத்துலயே தரேன்." பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதினார். நான் மை காயப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு தாளும் அவர் வேலையைத் தின்கிறது என்று எனக்குத் தெரியும். தடுக்கவில்லை.

ஒரே ஒரு மலையில் மட்டும் யாரும் எடுக்கவில்லை. இவர் போனைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது.