பைக்குள் போன கைகள்

பள்ளிப் பாடநூல்களுக்குப் படம் போடும் அந்தப் பெண்மணிக்கு அச்சகத்தில் 'பாக்கெட் அக்கா' என்று பெயர். அவர் வரைந்த மனிதர் ஒருவருக்கும் கை வெளியே தெரியாது. விவசாயி வைக்கோலுக்குப் பின்னால் நிற்பார். டாக்டர் கைகளைக் கோட்டுக்குள் விட்டிருப்பார். ராஜாவின் அங்கிக்கே இரண்டு பை வைத்தவர் அக்கா. ஒருமுறை நீச்சல்காரனுக்கும் பை வைத்ததாகச் சொல்வார்கள். அது மட்டும் பொய், அவன் கழுத்துவரை தண்ணீருக்குள் இருந்தான்.

எல்லாம் ஓவிய வாத்தியார் செய்த வேலை. பத்தாம் வகுப்பு ஓவியத் தேர்வு முடியப் பத்து நிமிஷம் இருக்கையில் அவர் குனிந்து பார்த்து, "உனக்குக் கை வராதும்மா, மறைச்சிடு" என்றார். அன்றைக்குத் தப்பிக்கச் சொன்ன யோசனை. மாணவியோ அதை முப்பத்திரண்டு வருஷம் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். நிழலும் நிறமும் அவரிடம் படித்ததுதான். அவை நன்றாகவே வந்தன.

இப்போது அச்சக முதலாளி மேஜைமேல் கொண்டுவந்து வைத்தது, காது கேளாத குழந்தைகளுக்கான சைகைமொழிப் பாடம். நூற்று நாற்பது படம், அத்தனையும் கை. முடியாவிட்டால் வேறு ஆளிடம் போகும், அடுத்த ஆண்டுப் பாடநூல்களும் அவரிடமே போகும் என்று ஜன்னலைப் பார்த்தபடி சொல்லிவிட்டார்.

அக்கா தன் இடது கையை எதிரே வைத்துக்கொண்டு, நகம், ரேகை உட்பட வரைந்து தள்ளினார். சரிபார்க்க வந்தவர் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை. அவருக்கும் காது கேட்காது. அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். முதல் கட்டைப் புரட்டிவிட்டு ஒரு சீட்டில் எழுதினார்: "எல்லாரும் இடதுகைக்காரர்கள். வாழ்த்துகள்." கீழே இன்னொரு வரி: "இடம் வலமாகத் திருப்பி அச்சடித்தால் கை மாறிவிடும். ஆனால் இவை பேசவில்லை, போஸ் கொடுக்கின்றன."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தனக்குக் கை வராது என்று சின்ன வயதிலேயே வாத்தியார் சொல்லிவிட்டதை எழுதிக் காட்டினார். ஆசிரியை, "அப்புறம் வேறு யாரையும் கேட்கவில்லையா?" என்று எழுதினார்.

கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் ஆசிரியை வந்து எதிரே உட்கார்ந்தார். கையை நிறுத்திக் காட்டச் சொன்னால் மாட்டார். பேசிக்கொண்டே இருப்பார், ஓடுகிற கையைப் பிடிப்பது அக்காவின் பாடு. விரல் ஒரு நூல் சாய்ந்தால் 'அத்தை' 'அடுப்பு' ஆகிவிடும். அழித்து அழித்து, ரப்பர் தூளில் மேஜையின் கால்களே மறைந்துபோனதாகக் கேள்வி.

மூன்றாம் வாரம் முதலாளி வந்து மேஜையருகே நின்றார். ஆசிரியை ஒரு தாளை எடுத்தார். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் கை. ஒரு விநாடி பார்த்தார். பிறகு தன்னையறியாமல் ஒரு சைகை செய்தார். உடனே சிரித்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க? சரியா, இல்லையா?" என்றார் முதலாளி.

அவ்வளவு சைகை அக்காவுக்கு இதற்குள் புரியும்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல சார். படம் கேட்டுது, இன்னும் இல்லைன்னு படத்துக்குப் பதில் சொன்னாங்க."

முதலாளி தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். மீதிப் படங்கள் என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டார்.