வெள்ளாமை யாருது

சூறைக்காற்று அடித்த மறுநாளே விஜய்பாண்டி போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஆத்தா, சேதத்தைப் பாக்க ஆபீஸ்ல இருந்து வாராக. யாரு வெள்ளாமைன்னு கேட்டா எம்பேரைச் சொல்லிரு. நிவாரணம் வந்ததும் ஒனக்குத்தான் தரப்போறேன்."

"சரிண்ணே" என்றாள் சுபைதா. போன காற்றுக்கும் இதே பேச்சுதான். அப்போது வந்த நிவாரணத்தில் அவர் வீட்டுக்கு மாடி ஏறியது. கேட்கப் போனவளுக்கு ஒரு டம்ளர் டீ கிடைத்தது.

அனுமந்தன்பட்டியில் விஜய்பாண்டியின் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்தவர் சுபைதாவின் கணவர் ராஜா முகம்மது. அவர் மவுத்தான பிறகும் அவள் விடாமல் வாழை போடுகிறாள். எழுத்து கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. யார் பயிர் வைத்தது என்று எழுதும் அடங்கல் கணக்கில் குத்தகைக்காரர் பேர் ஏறிவிட்டால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்களுக்குப் பயம். அதனால் தேனியில் செல்போன் கடை வைத்திருக்கும் விஜய்பாண்டி சர்க்கார் கணக்கில் விவசாயி. சொட்டுநீர் மானியம் அவருக்கு, வருஷா வருஷம் வரும் உதவித்தொகை அவருக்கு, மண்வெட்டி மட்டும் சுபைதாவுக்கு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். உழாதவனுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

இப்போது தார் தள்ளிய வாழை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. நிவாரணம் கைக்கு வந்தால் மறுபடி கன்று வைக்கலாம், வராவிட்டால் கூலிக்குத்தான் போக வேண்டும். அதற்காக உண்மையைச் சொன்னாலோ தோட்டமே போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

கிராம நிர்வாக அலுவலர் அனுசுயா வந்தபோது விஜய்பாண்டி வெள்ளைச் சட்டையோடு பக்கத்திலேயே நடந்தார். வரப்பில் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"தோட்டம் யாருது?"

"அண்ணனுது" என்றாள் சுபைதா. அது பொய்யில்லை.

"வெள்ளாமை?"

விஜய்பாண்டி முந்திக்கொண்டார். "நாந்தான் மேடம்."

இப்போது வாயைத் திறக்க வேண்டும். சுபைதா தலையைக் குனிந்துகொண்டாள்.

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப இவுக யாரு?"

"அதுவா, தண்ணி பாய்ச்ச வர்ற ஆளு."

தங்கச்சி என்று சொல்லியிருந்தால் சுபைதா விட்டிருப்பாள். தெரிஞ்சவுக என்றாலும் விட்டிருப்பாள். ஆளாம். புருஷனுக்காக வீட்டோடு இருந்த இத்தா நாட்கள் முடிந்த கையோடு மண்வெட்டியைத் தூக்கியவள் அவள். ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"மேடம், தோட்டம் அண்ணனுது. வெள்ளாமை என்னுது. கன்னு வச்சது நானு, குத்தகை குடுக்கிறது நானு."

அனுசுயா எழுதுவதை நிறுத்தினாள். "நிலக்காரர் ஒத்துக்கிட்டாத்தான் இவுக பேரை அடங்கல்ல எழுத முடியும். சொல்லுங்க சார்."

விஜய்பாண்டி வரப்பைப் பார்த்தார். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

"எழுதிக்கங்க" என்றார். பிறகு குரலை உயர்த்தாமல் சுபைதாவிடம் சொன்னார். "பக்கக்கன்னையெல்லாம் பேத்து எடுத்துக்க ஆத்தா. இனிமே எனக்குத் தோட்டம் வேணும்."

"சரிண்ணே" என்றாள்.

தெரிந்த இடமெல்லாம் குத்தகைக்குக் கேட்டாள். அடங்கலில் பேர் ஏற்றியவள் என்று செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. பேர்த்தெடுத்த கன்றுகள் வீட்டு வாசலில் காய்ந்தன.

நிவாரணம் வந்த அன்று அவள் திராட்சைத் தோட்டம் ஒன்றில் கூலிக்குக் குலை வெட்டிக்கொண்டிருந்தாள். போன் சத்தம் போட்டது. கூட வேலை செய்யும் கயலிடம் வாசிக்கக் கொடுத்தாள்.

"பணம் ஏறிருச்சாம்க்கா. 'விவசாயி சுபைதா'ன்னு போட்டிருக்கு."

கொடிக்கு அந்தப் பக்கமிருந்து தோட்டக்காரர் சத்தம் கொடுத்தார். "அங்கன என்னா பேச்சு? ஆளுக ரெண்டு பேரும் இங்கன வாங்க."

கயல் கிளம்பினாள். சுபைதா நகரவில்லை.

"இன்னொருக்க வாசி கயலு" என்றாள்.