அவன் போடாத கையெழுத்து

ஊர் திரும்பாத ஒருவனின் கையெழுத்தை நான் போட்டேன். அவன் மனைவியிடம்கூடக் கேட்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

அவன் என் பள்ளித் தோழன், பேட்டைக்காரன். குவைத்தில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தேன். அடுத்தவன் எண்ணெயை நம்பி ஒரு நாடு எத்தனை நாள் ஓடும் என்று வகுப்பிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சுத்தான். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். விடுமுறையில் வந்தவனை, ஒரு காற்றாலைக் கம்பெனியின் பங்குகளை வாங்கச் சொல்லி நச்சரித்தேன்.

"நான் அங்கன எண்ணெய் எடுக்கேன், நீரு இங்கன அதை ஒழிக்கப் பாக்கீரு. என் சோத்துல மண்ணைப் போட என் பணமே கேக்குதோ வே?" என்று சிரித்தான். ஆனாலும் வாங்கினான். பத்திரங்களை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நாளில் குவைத்தில் போர். நம் பக்கத்து ஆட்கள் ஜோர்டான் வழியாக வந்து சேர்ந்தார்கள். எல்லையில் ஒரு லாரிக்குப் பக்கத்தில் அவனைப் பார்த்ததாகக் காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர் இல்லை.

பம்பாயில் பங்குச்சந்தை மோசடி வெளியே வந்து விலைகள் சரிந்தபோது, என் பேச்சை நம்பி அவன் வாங்கியதும் சரிந்தது. பிறகு, அரசாங்கம் தன் நிதி நிறுவனங்களை வாங்கவைத்துச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பேச்சு வந்தது. நாலு நாள் விலை நிமிர்ந்தது.

"இப்பம் வித்தாத்தான் உண்டு அண்ணாச்சி. அரசாங்கம் கையை எடுத்துட்டா இந்தப் பேப்பர் கடலை மடிக்கத்தான்," என்றார் தரகர். "கையெழுத்து மட்டும் ஒத்துவரணும். இல்லேன்னா கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிருவான்."

அவன் மனைவியைக் கேட்டிருந்தால், அவன் இனி வரமாட்டான் என்று நானே சொன்னதாகிவிடும். என் யோசனை தோற்றதும் தெரிந்துவிடும். இரண்டாவதுதான் உண்மைக் காரணம்.

அவன் கடிதங்களை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கப் பழகினேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. தரகர் தந்த பங்கு மாற்றும் படிவத்தில் பேனாவை வைத்ததும் ஒரே இழுப்பில் வந்தது. கடைசி எழுத்தின் வால், அவன் இழுக்கிற மாதிரியே இறங்கி வளைந்தது. என் கை மாதிரியே இல்லை.

தரகர் கையிலிருந்து பணம் ரொக்கமாக வந்தது. பைய அவளிடம் சேர்க்கலாம் என்று என் பெயரில் வங்கியில் போட்டேன். பங்கு கைமாறினால் பழைய சொந்தக்காரர் வீட்டுக்குக் கம்பெனி கடிதம் போடும் என்பது, பொருளாதாரம் படித்த எனக்குத் தெரியாது.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் அந்தக் கடிதத்தோடு வந்தாள்.

"அண்ணாச்சி, அவுக இருக்காவ. பத்திரத்தை விக்கக் கையெழுத்துப் போட்டிருக்காவ. சரிபாத்தாச்சுன்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்."

இரண்டு தடவை வாசித்துவிட்டு, "நல்லது," என்றேன். கையெழுத்தைவிட அந்தச் சொல்தான் பெரிய தப்பு.

அன்றிலிருந்து அவள் வாசல் கதவைச் சாத்துவதில்லை. காற்றில் அது அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து "வாங்க" என்பாள். நான் போனால் இரண்டு டம்ளரில் காப்பி வைப்பாள். ஒன்றை நான் குடிப்பேன். மற்றதில் ஆடை படரும். ஒருநாள் நான் எழுந்தபோது மற்றதிலும் பாதிதான் இருந்தது.

மூன்று வருடம் கழித்து, பணத்தை வட்டியோடு எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

"போட்டுக் காட்டுங்க."

ஏழெட்டுத் தடவை போட்டேன். ஒன்றுகூட அவன் கையெழுத்தாக வரவில்லை.

"இதெல்லாம் நீங்க போட்டது," என்றாள், பிள்ளையைத் தேற்றுவதுபோல. "அது அவுக போட்டது." பணத்தை என் பக்கமே தள்ளினாள். "வந்ததும் அவுக கையிலயே குடுத்துருங்க."

வெளியே வரும்போது பழக்கத்தில் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதீங்க அண்ணாச்சி."

அவள் இறந்து எட்டு வருடமாகிறது. பணம் என்னிடம்தான் இருக்கிறது. அவன் வந்தால் இங்கேதான் வர வேண்டும். காற்றுக் காலத்தில் நானும் வாசல் கதவைத் தாழிடுவதில்லை.