முதல் நன்மை உடுப்பும் என் ஓரகத்தியும்

பொறாமை என்று நேராகவே எழுதிவிடுகிறேன். மனவருத்தம், மனத்தாங்கல் என்றெல்லாம் மழுப்பத் தெரியாது எனக்கு. என் கொழுந்தனின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, இணையத்தில் நைட்டி விற்கிறாள். அவளை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

நான் தைப்பவள். ஞானஸ்நான உடுப்பு, பெண்பிள்ளைகள் கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்குப் போடும் வெள்ளை கவுன், இவற்றைத் தைத்துப் படம் எடுத்து என் பக்கத்தில் போடுவேன். என் தையலில் ஒரு நூல் பிசகாது. அவள் கொழும்பிலிருந்து மூட்டையாக எடுத்ததை லைவில் விரித்துக் காட்டுவாள், அவ்வளவுதான். இருவரும் பதுளையில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். பார்சலில் குத்துவதும் மாமனார் கடைக்கு அடித்த ஒரே சீல்தான். குடும்பப் பெயரும் வீட்டு இலக்கமும் அதில் இருக்கும்.

அவளிடம் வாங்குகிறவர்களின் பொறுமைதான் எனக்குத் தாங்காது. பார்சல் ஒரு வாரம் பிந்தினாலும், "பரவால்ல அக்கா, மெதுவா வரட்டும்" என்று எழுதி இதயம் போடுவார்கள். என்னுடையது ஒரு நாள் பிந்தட்டும், உடனே கள்ளி, ஏமாற்றுக்காரி. நானும் அதே கூரியரில்தான் அனுப்புகிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

அவளுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. பகலில் எங்களிடம் வாங்கும் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். கூரியர்காரர் அழைத்தால் போன் லயத்து வீட்டுக்குள் கிடக்கும், அல்லது சிக்னல் இருக்காது. அதனால் அவர் யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போவார். இவள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பெண்ணைப் பிடித்து, ஆளுக்கொரு நைட்டியும் கொடுத்து, தன் பார்சல்களை வாங்கி வைக்கச் சொல்லியிருந்தாள். பார்சல் போவதற்கு முன்பே யாருக்கு எது என்று குரல் பதிவும் அனுப்பிவிடுவாள். நான் என் கணவரிடம் கேலி செய்தேன். "இவ என்ன எலெக்‌ஷன்லயா நிக்கிறா, தோட்டத்துக்கு ஒரு ஆளு போட?" எனக்கு என் வழி. முகவரியை எழுதி, கூரியரில் கொடுத்து, வாங்குகிறவருக்கு டிராக்கிங் நம்பரை அனுப்பிவிடுவேன். பிறகு எதற்கு அந்த நம்பர் இருக்கிறது?

பூனாகலைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கவுன் கேட்டாள். மகளுக்கு முதல் நன்மை. கை நீளமாக இருக்க வேண்டும், கீழே லேஸ் வேண்டும். பின்னாலிருந்து மகளின் குரலும் கேட்டது: "கால் மறையணும்மா, மறக்காம சொல்லுங்க!" தாய் பணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டாள். நானும் ஆசையாகத் தைத்து, பூசைக்கு முந்திய வாரமே அனுப்பினேன். டிராக்கிங்கில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்தது. அடுத்த நாள் அவள் அழைத்தாள்.

"அக்கா, பார்சல் இன்னும் வரலீங்களே."

"குடுத்தாச்சுன்னு காட்டுதே."

"யாருகிட்டங்க குடுத்தாங்க?"

எனக்கென்ன தெரியும்? திரையைப் படம் பிடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "போட்டோவ புள்ளைக்கு உடுத்த முடியாதுங்களே அக்கா."

கூரியர் காரியாலயத்தில் கேட்டேன். கொடுத்தாயிற்று என்றார்கள். யாரிடம் என்றால், கொண்டுபோனவர் லீவு என்றார்கள். இதற்குள் அந்தத் தாய் என் பக்கத்திலேயே எழுதிவிட்டாள்: ஞாயிற்றுக்கிழமை நன்மை, பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள், உடுப்பு வரவில்லை. அதன் கீழே ஆளாளுக்கு ஏறி மிதித்தார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒருத்தி என் ஓரகத்தியின் பக்கத்தைக் குறிப்பிட்டு, "இவங்ககிட்ட வாங்கியிருக்கலாமே, ஒண்ணும் தொலையாது" என்று எழுதியிருந்தாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் என் ஓரகத்தியே வந்து கதவருகில் நின்றாள்.

"அக்கா, அந்தத் தோட்டத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஒரு போன் எடுத்துப் பார்க்கட்டா?"

"ஒண்ணும் தேவையில்ல. எனக்கும் வாய் இருக்கு, கால் இருக்கு."

வேறு ஒன்று தைக்கலாமென்றால் அந்த லேஸ் தீர்ந்துவிட்டது. கடையிலும் இல்லை. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன். பண்டாரவளையில் இறங்கி இன்னொரு பஸ், அதற்கு மேல் ஆட்டோ. வழியெல்லாம் மழை. வருவதாகச் சொல்லியிருந்ததால் அந்தத் தாய் கொழுந்துக் கூடையோடு ரோட்டிலேயே காத்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவளோ நேரே பிள்ளைக் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பகலில் எப்போதும் ஆள் இருப்பதால் பார்சல்களும் அங்கேதான் வருமாம். ஆனால் அவள் ஏற்கனவே விசாரித்துவிட்டாளாம், இல்லை என்றார்களாம்.

பிள்ளை பார்க்கும் அம்மா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்தபடி அதையே திரும்பச் சொன்னார். "வேற யாரு பார்சலும் வரலீங்க. இங்க வாரதெல்லாம் பதுள அக்காவோடதுதான்."

பதுளை அக்கா! பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான் எதிரில் நிற்கிறேன். பட்டம் என் ஓரகத்திக்கு.

மூலையில் ஒரு சாக்கு இருந்தது. அதன் வாயில் என் பழுப்புக் கடதாசிப் பார்சல் தெரிந்தது. என் முடிச்சு எனக்குத் தெரியாதா? நான் பேனாவால் எழுதிய பெயரும் முகவரியும் மழையில் கரைந்து நீலக் கறையாகியிருந்தன. டேப்புக்கு அடியிலிருந்த சீல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இது என்னோடது" என்று கையை நீட்டினேன்.

அவர் தரவில்லை. "சீலு அந்த அக்கா வீட்டு சீலுங்க. ஆனா யாருக்குன்னு அவங்க வொய்ஸ் ஒண்ணும் வரல. மாறி வந்திருக்குன்னு திருப்பியனுப்ப எடுத்து வச்சிருக்கேன்."

"அது என் வீட்டு சீலும்தாங்க!"

"இருக்கலாங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோமே."

தண்ணீர்த் தாங்கிப் பக்கம் ஏறினால்தான் சிக்னல் கிடைக்குமாம். மூன்று பேரும் மழையில் ஏறினோம். போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். என் ஓரகத்தி சிரித்தாள். "ஐயோ, அது எங்க அக்காங்க! குடுங்க, குடுங்க. அக்காவுக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?"

அதுவரை கொடுக்கவில்லை. அவள் சொன்ன பிறகு கொடுத்தார்கள். நல்ல தேத்தண்ணிதான், ஆனால் எனக்குக் கசந்தது.

பிள்ளையைக் கூப்பிட்டு, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே கவுனை மாட்டினார்கள். கால் மறைந்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றினாள், லேஸ் விரிந்தது. அந்த நிமிடம் எனக்கு யார்மீதும் எரிச்சல் இல்லை. அப்போது அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த அக்காவுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிருங்க" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தாய் படம் போட்டாள். கோயில் வாசலில் மெழுகுதிரியோடு பிள்ளை நிற்கிறாள், என் கவுன் கால்வரை இறங்கியிருக்கிறது. நன்றி என்று எழுதி, என் ஓரகத்தியின் பக்கத்தைக் குறித்திருந்தாள். அதற்கு ஓரகத்தி, "இதைத் தைத்தது எங்கள் அக்கா, கைவேலையைப் பாருங்கள்" என்று எழுதினாள். படத்தைவிட அந்த வரிக்குத்தான் இதயங்கள் அதிகம். மற்றத் தாய்மார் அவளிடம்தான் விலை கேட்டார்கள். ஒவ்வொருவரையும் அவள் என்னிடம் அனுப்பிவைத்தாள்.

இப்போது எனக்கு ஓய்வில்லாத வேலை. என் பார்சல்களும் அவள் வைத்த பெண்களின் பெயருக்கே போகின்றன, முன்னால் அவள் குரல் பதிவு போகிறது. ஒன்றுகூடத் தொலைவதில்லை. ஒரே ஒன்றாவது தொலைந்திருந்தால் அவளோடு கொஞ்சம் நன்றாகப் பேசியிருப்பேன்.