வெற்றிலைச் சாறுதானே அது!

பல் பிடுங்குகிறவனைக் கண்டு ஊர் பயப்படும். அவனுக்கும் ஒரு பயம் உண்டு என்பது யாருக்குத் தெரியும்? சக்கரவர்த்தியின் முடிசூட்டுக்கு ஊரெல்லாம் தோரணம் கட்டிய காலத்தில், பாளையங்கோட்டையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் நான் டிரெஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் பல்லுக்குக் கொறடு பிடிப்பதும் என் வேலை. ஈறு அழுகி வருகிறவர்கள் எல்லோரும் "வலியே இல்லையே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாயுள்ள அன்பர்களே, உங்களுக்கும் வலி இல்லையல்லவா? எனக்கும் அப்போது இல்லை. அதுதான் சங்கதி.

வெள்ளைத் துணி

டவுனில் அரிசி மண்டி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று ஜட்காவில் வந்து இறங்கினார். ஈறு வீங்கிக் கிடந்தது. ரத்தம் வருமா என்று கேட்டேன். "வெத்தலைச் சாறுவே அது" என்று சிரித்தார். ஒரு நாள் வெற்றிலை போடாமல் இருந்துவிட்டு, காலையில் வெள்ளைத் துணியில் துப்பிப் பாரும் என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் துணியைச் சுருட்டிக் கையிலேயே வைத்திருந்தார். பிரித்துக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. "நேத்து ஒரு காம்பு கூடக் கிள்ளலவே. அப்போ இத்தன வருசமா நான் துப்புனது என்னது?"

செங்கல்பொடி

நானும் வெற்றிலைக்காரன்தான். அந்தத் துணிச் சோதனையைச் செய்து பார்க்கப் பயந்துகொண்டு, வழக்கம்போல ஒரு வாய் போட்டுக்கொண்டேன். அடுத்து வந்தவர் பள்ளிக்கூட வாத்தியார். செங்கல்பொடியால் தேய்த்து ரத்தம் வந்தால்தான் பல் சுத்தமானதாக அவருக்கு எண்ணம். பாத்திரம் துலக்குகிற மாதிரி துலக்கியதில், பல்லின் வேரே வெளியில் தெரிந்தது. கீழ்ப் பல்லைத் தொட்டேன், மெல்ல அசைந்தது. வாத்தியார் முகம் வெளிறிவிட்டது. "வே, ஆடுதது உம்ம வெரலா, எம் பல்லா?"

தாயத்து

கைப்பிள்ளையின் தலைப்புண்ணுக்குக் கட்டுப் போட ஒரு தாய் வந்தாள், திருச்செந்தூர்ப் பக்கம். கொஞ்சக் குனிந்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது என்று கண் கலங்கினாள். அவள் பேசும்போதே அடித்த வாடையில் எனக்கு விளங்கிவிட்டது. ஈறெல்லாம் சீழ். முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய விஷயமா இது? வீட்டில் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்குத்தான் அந்த நாசூக்குத் தெரியவில்லை. பக்குவமாக எடுத்துச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்மேல பிரியம் வரணும்னு பிள்ளைக்குத் தாயத்துல்லாய்யா கட்டிருக்கேன்!"

என் துண்டு

அன்று நான் வெற்றிலைப் பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் காலை புறவாசலில் நின்று என் வெள்ளைத் துண்டில் துப்பினேன். சிவப்பு. கீழ் முன்பல்லைத் தொட்டுப் பார்த்தேன்; ஆடியது பல்லா, என் விரலா என்று எனக்கே தெரியவில்லை.

கிணற்றடியில் நின்றிருந்த என் மனைவி பார்த்துக்கொண்டேயிருந்தாள். "ஒனக்கு முன்னாலயே தெரியுமா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். "ஊரு வாயெல்லாம் பாக்கிய, சொன்னா வருத்தப்படுவியளேன்னுதான் இத்தன நாளும் மூஞ்சியத் திருப்பிப் படுத்துக்கிட்டேன்."

அன்றைக்கே இன்னொரு டிரெஸரின் கொறட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்த நான் வாயைத் திறந்து முதலில் சொன்னது, எல்லோரையும் போல, "வலியே இல்லையே" என்பதுதான்.