மழையில் நின்ற மாதாவும் கதவைத் திறந்த எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா ஆண்டவருடைய மடியில் தலை சாய்த்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு மக்களுக்கும் என் கும்பிடு. யாராவது தமிழாசிரியரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடலாம் என்று சென்னையிலிருந்து என் பெரிய மகன் போனில் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத இந்தக் கைதான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்டது. காலாப்பட்டு வரைக்கும் நான் செய்த இரும்புக் கதவு இல்லாத தெரு கிடையாது. அப்படிப்பட்ட கைக்குக் கூடப்பிறந்தவரைப் பற்றி எழுத வராதா? பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது முதலியார்பேட்டையில், மில் தொழிலாளி வீட்டில். பிள்ளைகளில் மூத்தவர் அவர், கடைசி நான். இடையில் பிறந்தவர்கள் யாரும் இப்போது இல்லை. கன்னியர் மடத்தில் பூத்தையல் கற்றுக்கொண்டு, அந்தச் சம்பாத்தியத்தில் எனக்கு முதல் வெல்டிங் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது அக்காதான். "கண்ணு போச்சின்னா எவண்டா உனக்குப் பொண்ணு குடுப்பான்?" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மாமாவும் மில்காரர்தான். மில்லை மூடிய பிறகு காவலாளி வேலைக்குப் போனார். கஷ்டம் வெளியே தெரியாமல் அக்கா குடும்பம் நடத்தினார். ஒரே மகளைப் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வீட்டில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா வீட்டில், கட்டிக் கொடுத்தார். மகள் பாரீசுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு மாமா ஒருநாள் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன். ஆனால் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்தக் கூட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. அக்கா முதலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவதை நிறுத்தினார். முட்டி வலி என்றார். அப்புறம் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அப்புறம் போனை எடுப்பதில்லை. நான் சும்மா இருக்கிறவனா? பெரிய டிவி வாங்கி மாட்டினேன். கூட இருக்க ஓர் அம்மாவை வேலைக்கு வைத்தேன். அக்கா அந்த அம்மாவை அனுப்பிவிட்டார்.

"என்னப் பாத்துக்கறதுக்குச் சம்பளம் வாங்குறவகிட்ட நான் என்னத்தடா பேசறது?"

"அப்ப என் வூட்டுக்கு வந்துடுக்கா. மாடி முழுக்கக் காலியாக் கெடக்குது."

"உன் பொண்டாட்டியும் போயிட்டா, புள்ளைங்களும் ஊர்ல இல்ல. ஆளுக்கொரு ரூமுல உக்காந்துகினு செவுத்தப் பாக்கவா?"

அக்காவின் பாதுகாப்புக்காக என் பட்டறையில் நானே நின்று செய்து மாட்டிய கனமான இரும்புக் கதவு அது. ஒருநாள் அதை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அக்கா திறக்க மறுத்தார். தட்டினேன், கத்தினேன். உள்ளேயிருந்து வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"டேய், நான் செத்தா நாத்தம் வரும். அப்ப வந்து தொற."

எத்தனையோ அதிகாரிகள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவன் நான். அன்றைக்கு நான் செய்த கதவுக்கு வெளியே நடுத்தெருவில் நின்றேன். உள்ளே ஓர் உயிர் தானாகவே அணைந்துகொண்டிருந்தது. என்னிடமிருந்த எதுவும் அதற்கு உதவவில்லை.

மறுநாள் சாயங்காலம் நல்ல ஐப்பசி மழை. கதவை அறுத்தே தீர்வது என்று கட்டர் மிஷினோடு போய் நின்றேன். அது அக்டோபர், எங்களுக்குச் செபமாலை மாதம். எங்கள் தெருக்களில் மாதா சிலை, நாங்கள் சொல்வது சுரூபம், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். அடுத்த நாள் அந்த வீட்டுக்காரரே தன் கையால் தூக்கிப் போய் அடுத்த வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அன்றைக்குச் சுரூபத்தைத் தூக்கி வந்தவர் தெருமுனையில் இடியாப்பம் விற்கும் பிலோமினா அம்மா. பின்னால் குடையோடு நாலைந்து பெண்கள். என் மிஷினைப் பார்த்து நின்றார்.

"இன்னா மொதலாளி, அறுக்கப் போறீங்களா?"

"வேற வழி?"

"அறுங்க. நாளைக்கி வேற கதவு போட்டுக்குவாங்க." அவர் சுரூபத்தை அக்கா வீட்டுப் படியில் இறக்கி வைத்தார். "குடைய மடக்குங்கடி."

"ஐயோ பிலோமினாக்கா, மாதா நனையறாங்களே!"

"நனையட்டும். வயித்துல புள்ளயோட எடம் கேட்டு அலைஞ்சவங்கதான? பழக்கம்தான்." பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "யக்கா, மாதா வாசல்ல நிக்கிறாங்க. தொறக்கறதும் தொறக்காததும் உங்க இஷ்டம்!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் தாழ்ப்பாள் சத்தம். எலும்பும் தோலுமாக அக்கா வெளியே வந்து, முந்தானையால் சுரூபத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினார்.

"அறிவிருக்காடி உனக்கு? பெயிண்டு போயிடாது?"

பிலோமினா அம்மா சிரித்தார். நான் மிஷினைத் தரையில் வைத்துவிட்டுச் சின்னப்பிள்ளை போல அழுதேன்.

மறுநாள் முட்டி வலியைச் சொல்லிப் பார்த்தார் அக்கா. "வலிச்சா மெதுவா வாங்க. ஆனா நீங்கதான் தூக்கணும்" என்று அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். மாதாவை மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா தெருவில் இறங்கி நடந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு தினமும் இடியாப்பம் விற்று முடித்ததும் பிலோமினா அம்மா அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார். பாதி செபம், பாதி சண்டை. அவரும் மகனைக் கடலில் கொடுத்துவிட்டுத் தனியாக இருப்பவர். அவர் அக்காவுக்குப் புத்தி சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒருநாள் அக்கா செபமாலையைக் கீழே போட்டுவிட்டு, "எனக்குச் செபம் வரலடி, கடவுள் மேல கோவமா வருது" என்று விம்மினார். "வரலன்னா சும்மா இரு. உன் பங்கையும் சேத்து நான் சொல்றேன்" என்று பிலோமினா அம்மா மணியை உருட்ட ஆரம்பித்தார். நான் வாங்கிக் கொடுத்த எந்தப் பொருளும் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்து கதிர்காமம் ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அந்தப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு கூட இருந்தார்கள். பங்குச் சாமியார் வந்து, கடைசி நேரத்தில் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்ன கடைசிப் பேச்சு இதுதான்: "டேய், உன் வூட்டு கேட்டு ரொம்ப ஒசரம்டா. எட்டிப் பாத்துக் கூப்பிட முடியல."

மகளை விமானம் ஏற்றி அனுப்பி வைத்த உறவினர்களுக்கும், ஆஸ்பத்திரி டாக்டர்கள், நர்சுகளுக்கும், சாமியாருக்கும், கல்லறை வரை நடந்து வந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிலோமினா அம்மாவுக்கும் அந்தப் பெண்களுக்கும் நன்றி என்று எழுதினால் போதாது. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். யாரிடமும் கை நீட்டாதவன் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். என்னை 'டேய்' என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய். அது அடங்கிய பிறகு வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. போன வாரம் வாசல் மணி அடித்தபோது, உள்ளே உட்கார்ந்துகொண்டே எழுந்திருக்காமல் இருந்தேன். அக்கா எதற்காகத் தாழ்ப்பாள் போட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. பயந்துவிட்டேன்.

வருஷா வருஷம் சுரூபம் என் வீட்டில் நிற்காமல் தாண்டித்தான் போகிறது. இந்த வருஷம் என் வீட்டுக்கும் வருமா என்று பிலோமினா அம்மாவிடம் கேட்டேன்.

"வரும் மொதலாளி. ஆனா மறுநாள் நீங்கதான் தூக்கணும். பட்டறை ஆளுங்களை விட்டுத் தூக்கக் கூடாது."

தூக்குகிறேன் அம்மா. அடுத்த மாதம் மாதாவோடு வாருங்கள், எல்லாரும் வாருங்கள். கேட்டை இடுப்பளவுக்கு அறுத்துவிட்டேன். ஆள் வைக்கவில்லை, நானே அறுத்தேன். வெளியே நின்று கூப்பிட்டால் என் முகம் தெரியும்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி