குப்பையைத் திருடியவள்

கத்தியக்கா கோழி வெட்டினால் எலும்பு நொறுங்காது. மூட்டு தானாக விலகிக் கொடுக்கும். தலைப்பிள்ளை பால்குடி மறக்கும் முன்பே அந்த ஓட்டலின் பின்கட்டில் கத்தி பிடித்தவள். தொடையும் நெஞ்சும் அடுப்புக்குப் போகும். கழுத்து, கால், ஈரல், இரைப்பையெல்லாம் ஒரு பையில் அவளோடு வீட்டுக்குப் போகும். எடுத்துக்கொள் என்று யாரும் சொன்னதில்லை. எடுக்காதே என்றும் சொன்னதில்லை. எதைப் போட்டாலும் முகம் சுளிக்கிற மாமியார், அந்த ஈரலுக்கு மட்டும் மருமகளை மெச்சுவாள். மாமியார் வாயால் மெச்சு வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

புதிதாக வந்த மேலாளருக்குச் சுத்தத்தின் மேல் தீராத காதல். ஆங்கிலத்தின் மேல் அதைவிட. வந்த வேகத்தில் ஒரு சிவப்புத் தொட்டியை வைத்து, அதில் ‘கார்பேஜ்’ என்று எழுதி ஒட்டினார். ஈரல், கழுத்து எல்லாம் இனி அதற்குள்தான்.

“கழுவின ஈரலை யாராவது குப்பையில போடுவாங்களா சார்?”

“குப்பை இல்லம்மா. கார்பேஜ்.”

“பேரை மாத்தினா நாத்தம் போயிடுமாக்கும்” என்று தலைமைச் சமையல்காரர் அடுப்பிடம் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், மேலாளர் தம்மையறியாமல் அந்தச் சொல்லை அதன் ஆதிப்பொருளில் ஆண்டிருந்தார். சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயரின் சமையற்கட்டில் கார்பேஜ் என்றால் கோழியின் தலை, கால், குடல், ஈரல். அதை அவர்கள் கொட்டவில்லை, சமைத்துச் சாப்பிட்டார்கள். சட்டியிலிருந்த சொல் பிறகுதான் தொட்டியில் விழுந்தது. சொல் விழுந்தால் விழட்டும், ஈரல் என்ன பாவம் செய்தது?

கத்தியக்காவுக்குத் தொட்டியில் போடக் கை வரவில்லை. வழக்கம்போல் பையில் போட்டாள். வாசலில் காவலாளி பையைப் பிரித்தார். அடுத்த நிமிடம் மேலாளர் முன் நின்றாள்.

“இது திருட்டும்மா. கம்பெனி சொத்து.”

“ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார். குப்பைன்னா, அள்ளிட்டுப் போறதுக்கு எனக்குக் கூலி தரணும். சொத்துன்னா, அதைத் தொட்டியில கொட்டச் சொன்ன ஆளைப் பிடிச்சு விசாரிக்கணும்.”

மேலாளரின் காது சிவந்தது. “வாய் ரொம்ப நீளுது. எல்லார் முன்னாடியும் ‘கார்பேஜைத் திருடிட்டேன், மன்னிச்சிடுங்க’ன்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வராதே.”

“சொல்லித் தொலையேம்மா” என்றார் சமையல்காரர். “ஒரு வார்த்தைதானே. சொன்னா வாய் வெந்துடுமா?”

“கறி எடுத்தேன்னு சொல்லச் சொல்லுங்கண்ணே, நூறு தடவை சொல்றேன். குப்பையை எடுத்தேன்னு நான் எப்படிச் சொல்வேன்? இத்தனை வருஷமா என் புள்ளைங்க தின்னது, எங்க மாமியார் தின்னது, எல்லாம் குப்பையா?”

அந்தக் கேள்வியோடு அவள் வேலையும் போயிற்று. கத்தியை மட்டும் துடைத்து வைத்துவிட்டு, பையைத் தொடாமல் படியிறங்கினாள்.

காவலாளி பையோடு விழித்தார். “சார், இதை ஃப்ரிட்ஜ்ல வைக்கவா, தொட்டியில போடவா?”

மேலாளர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

“அப்படியே வையப்பா” என்றார் சமையல்காரர். “சாயங்காலத்துக்குள்ள நாறிடும். அப்புறம் சாருக்குக் குழப்பமே இருக்காது.”